முதல் பேருந்தில் முப்பத்தொரு பேர்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம், அவருடைய முழங்கால் வலியைத் தவிர. அந்த வலியும் அவரும் இப்போது நல்ல சிநேகிதர்கள், ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிவதில்லை. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? உன் மகளுக்கு இருமல் விட்டதா?

போனில் கூப்பிடாமல் எழுதுகிறாளே என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்ற காது இது. நீ போனில் சொல்வது எனக்குப் பாதிதான் கேட்கிறது. மீதிக்குக் குத்துமதிப்பாக "உம்" கொட்டுகிறேன். போன மாதம் உன் மாமியார் கீழே விழுந்துவிட்டார் என்று நீ சொன்னதற்கு "ரொம்ப நல்லது" என்றேனாம். உன் மனைவி இன்னும் மறந்திருக்க மாட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலை நாலு ஐம்பதுக்குக் கிளம்பும் முதல் பேருந்தை நிறுத்தப் போகிறார்களாம். அடுத்தது ஆறு பத்துக்குத்தான். நாங்கள் ஐந்தரைக்கு இயந்திரத்தைப் போட்டால்தான் ஏழரை மணி அறுவை சிகிச்சைக்குப் பச்சைத் துணிகள் மாடிக்குப் போகும். போகாவிட்டால் சலவையை வெளியாரிடம் கொடுத்துவிடுவோம் என்று நிர்வாகம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது. எங்கள் கூடம் முழுக்க அந்தப் பேருந்தில்தான் வருகிறது.

மே மாதம் 14-ஆம் தேதி காலை பதினோரு மணிக்குப் போக்குவரத்துக் குழு பொதுக் கூட்டம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசலாம். எங்கள் ஆட்கள் கூடி என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். காரணம், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுகிறேனாம். இயந்திரத்தை மீறிக் கத்துவதும் மேடையில் பேசுவதும் ஒன்றா? நீ ஆயிரம் பேச்சு கேட்டவன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். மகளின் இருமல் போய்விட்டது, அவளிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. மாமாவைத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல். என் மாமியார் எழுந்து நடக்கிறார். "உங்க அக்கா வாழ்த்தினதாலதான்" என்று என் மனைவி சொல்கிறாள். மறக்கவில்லை என்று நீயே புரிந்துகொள்.

ஆயிரம் இல்லை, அக்கா. இருபத்திரண்டு வருடமாக இந்த நகரசபையில் சுருக்கெழுத்து எடுக்கிறேன், நாளைக்கு எட்டுப் பேச்சாவது இருக்கும். ஒன்றும் பேசாமல் சம்பளம் வாங்குகிறவன் நான். பேசிய அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் எந்தப் பேச்சு எழுதும்போதே மறந்துபோகிறது, எது வீடுவரை கூட வருகிறது என்று மட்டும் தெரியும். ஒருவர் கழிவுநீர்க் குழாயைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஒவ்வொரு சொல்லும் என் கையால் எழுதினது. ஒன்றுகூட நினைவில்லை. ஒரு ரொட்டிக் கடைக்காரர் வந்து, பள்ளிக்கூடத்து முன்னால் தெருவிளக்கு எரியாததைப் பற்றி மூன்றே வாக்கியம் பேசினார். அது ஒன்பது வருடம் கழித்தும் எனக்கு மனப்பாடம்.

அதனால் எழுத உட்காராதே. முதலில் விசாரி. குழுவில் எத்தனை பேர், அவர்கள் முன்னால் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது, எதற்காக நிறுத்துகிறார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், அது பொது ஆவணம். பிறகு பேருந்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நீயே எண்ணு. ஒரு நாள் இல்லை, பத்து நாள். கடைசியாக, அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மனதில் எந்த ஒரு விஷயம் நிற்க வேண்டும் என்று யோசி. ஒன்றுதான், இரண்டு கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா தெருமுனைவரை நடக்க ஆரம்பித்திருக்கிறார், அதற்கு மேல் போக முழங்கால் அனுமதி தரவில்லை. நீ இருமலுக்கு மருந்து சாப்பிட்டாயா, அல்லது வழக்கம்போல அதுவாகப் போகட்டும் என்று இருக்கிறாயா?

நீ சொன்னபடி போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். மூன்று ஜன்னலில் நின்றேன். நாலாவது ஜன்னலில் இருந்த பெண் தாளைக் கொடுத்தாள். குழுவில் ஏழு பேர். நிறுத்துவதற்குக் காரணம் ஒரே வரி: முதல் பேருந்தில் சராசரியாக ஆறு பயணிகள். ஆறு பேராம்! எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜன்னலிலேயே என் முதல் பேச்சைப் பேசியிருப்பேன்.

பத்து நாள் எண்ணினேன். டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு ஒன்றாகக் கோடு போட்டேன். சராசரி முப்பத்தொன்று. இருபத்தைந்து பேர் எங்கள் சலவைக்கூடம். மற்றவர்கள் அங்கங்கே ஏறி இறங்குகிறவர்கள். எங்கள் டிரைவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, நாங்கள் "ரெண்டு வார்த்தை" என்று கூப்பிடுகிறவர்? பதினோரு வருடத்தில் "ஏறுங்க", "இறங்குங்க" தவிர அவர் வாயிலிருந்து வேறு ஒன்றும் வந்ததில்லை. நான் கோடு போடுவதைக் கண்ணாடியில் பார்த்தார்.

பேச்சையும் எழுதிவிட்டேன், நாலு பக்கம். இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனா எடுத்துக்கொண்டு உட்கார்.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். மருந்து சாப்பிட்டேன், சத்தியமாக.

பேச்சை மூன்று முறை படித்தேன். சத்தம் போட்டும் படித்தேன். பதினான்கு நிமிடம் ஆனது, உனக்குக் கிடைத்திருப்பது ஐந்து. இதில் பேருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, நிர்வாகத்தின் மேல் உன் கோபம் இருக்கிறது, போக்குவரத்து அலுவலகத்தின் ஜன்னல்கள் இருக்கின்றன, மாமாவின் முழங்கால்கூட இருக்கிறது. சலவைக்கூடத்தில் அறுவை சிகிச்சைத் துணியையும் சமையல்கூடத்துத் துடைப்புத் துணியையும் போர்வையையும் ஒரே இயந்திரத்தில் போடுவாயா? நீயே முதல் ஆளாகக் கத்துவாய். இங்கே மட்டும் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருக்கிறாய். பிரித்து வை. பச்சைத் துணி ஏழரைக்குள் மாடிக்குப் போக வேண்டும் என்ற இடம் நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொள். உன் எண்ணிக்கையை வைத்துக்கொள். மற்றதைக் குப்பையில் போடு. முழங்காலுக்கு என் மரியாதைகள்.

இன்னொன்று. அவர்கள் தாளில் ஆறு, உன் தாளில் முப்பத்தொன்று. ஏன் இந்த வித்தியாசம்? நாலு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. நீ உட்காருவதற்குள் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் போடத் தாமதமாகிவிட்டது, உலர்த்தும் இயந்திரத்தில் ஒன்று படுத்துவிட்டது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இங்கே நான்கு நாளாக மழை. விட்டு விட்டுப் பெய்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்று. இந்த மாதத்தில் இப்படி மழை பெய்து நான் பார்த்ததே இல்லை.

பேச்சைச் சுருக்கிவிட்டேன். சமையலறைக் கடிகாரத்தின் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன், நாலே முக்கால் நிமிடம். உன் மாமாவை எதிரே உட்காரவைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிட்டார், ஆனால் அவர் செய்தி கேட்கும்போதும் தூங்குகிறவர்தான்.

நீ கேட்ட வித்தியாசத்துக்கு, பேருந்தில் உள்ள அட்டை இயந்திரம் சரியாக வேலை செய்வதில்லை என்று சொல்லிவிடுகிறேன். பழைய இயந்திரம்தானே.

மழை நிற்கும் போலத் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். இங்கே வெயில்.

சின்ன வயதில் அலமாரிக் கண்ணாடியை உடைத்துவிட்டு அம்மாவிடம் மேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் நீ. உன் கடிதத்தில் மழை மூன்று இடத்தில் பெய்கிறது.

இயந்திரம் பழுது என்று நீ சொன்னால், அதைச் சோதித்துப் பார்த்த தாளை எடுத்து மேஜையில் வைப்பார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் இப்படித்தான் கைவசம் ஆதாரம் இல்லாத காரணத்தைச் சொன்னார். எதிர்த்தரப்பில் ஒரு தாளை நீட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் கேட்கவில்லை. ஒரு பொய், பேச்சு மொத்தத்தையும் தின்றுவிட்டது.

நீ எதையோ மென்று விழுங்குகிறாய். என்னிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேச முடியாது.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு வாரத்துக்கு மேலாகிறது, ஒரு வரியும் இல்லை. போனை மாமாதான் எடுத்தார். நீ நன்றாக இருக்கிறாய், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். கோபமா? அலமாரிக் கண்ணாடியைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. அன்று அம்மாவிடம் உன்னைக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான். அதற்கும் சேர்த்து இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. வேறு யாராவது பேசட்டும். எனக்குப் பேச்சு முக்கியமில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இல்லை. உடம்புக்கும் ஒன்றும் இல்லை. கண்ணாடி உடைந்ததற்கு அடி வாங்கியது நீயும்தான், அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது.

சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு சரிதான். இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் அதில் அட்டையைத் தட்டுவதே இல்லை.

ஐந்து வருடம் முன்னால் அந்த இயந்திரத்தை வைத்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஏழெட்டு விநாடி யோசிக்கும். முதல் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகிப் போனோம். எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போனது. மூன்றாவது நாள் நான்தான் டிரைவரிடம் போய், "எங்க எல்லார்கிட்டயும் மாசப் பாஸ் இருக்கு. எங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியும். இதைத் தட்டிட்டு நின்னா எங்க வேலை போயிடும். நீங்க வண்டிய எடுங்க" என்றேன். அவர் என்னையும் இயந்திரத்தையும் பார்த்தார். வண்டியை எடுத்துவிட்டார். அன்றையிலிருந்து இதுதான் வழக்கம். ஓசிப் பயணம் இல்லை, தம்பி, எல்லோரும் பாஸ் வாங்கியவர்கள். ஆனால் அந்தப் பாஸ் எந்தப் பேருந்துக்கும் செல்லும். எங்கே ஏறினோம் என்று தட்டினால்தானே தெரியும்? தட்டியவர்கள் நடுவில் ஏறும் வெளியாட்கள் ஆறு பேர் மட்டும்.

ஆக, எங்கள் பேருந்தை நிறுத்துவது போக்குவரத்துக் குழு இல்லை. நான். அந்தத் தாளை ஜன்னலில் வாங்கிய அன்றே எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இப்போது புரிகிறதா? இருபத்தைந்து பேருக்கும் சேர்த்து என்னைப் பேசச் சொன்னார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. யாருக்கும் அந்த முதல் நாள் நினைவில்லை.

இதைச் சபையில் சொன்னால் டிரைவர் மாட்டிக்கொள்வார். ஒவ்வொருவரும் தட்டுகிறார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஓய்வுபெற அவருக்கு இன்னும் பதினாலு மாதம். சொல்லாவிட்டால் பேருந்து போகும், சொன்னால் அவர் போவார். இரண்டுக்கும் நடுவில் நான் சமையலறைக் கடிகாரத்தின் முன்னால் நிற்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது, கறையை உள்ளே வைத்து மடிக்காதே, மேலே தெரிகிற மாதிரி வை என்பதுதான். உள்ளே போன கறை சூட்டில் கெட்டிப்பட்டுவிடும். ஊருக்குத்தான் உபதேசம்.

உன் மாமாவிடமும் நேற்றுதான் சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு தட்டுச் சாப்பிட்டாய் என்று படித்ததும் பாதிக் கவலை போய்விட்டது.

நீ எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், கோபிக்காதே. "இதுதாங்க பேச்சு. மத்த நாலு பக்கம் எதுக்கு?" என்றாள். இருபத்திரண்டு வருடம் பேச்சு கேட்டவன் நான், அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

ஆனால் அடுத்தவர் பிழைப்பை அவரைக் கேட்காமல் மேடையில் வைக்கக் கூடாது. டிரைவரிடம் போய்ச் சொல். முழுவதையும் சொல். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், வேறு வழி பார்ப்போம். சரி என்றால் அதை முதலில் வை. கடைசியில் வைத்தால் மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அதன்பின் நீ சொல்லும் எண்ணிக்கையை நம்புவார்கள்.

தாளைப் பார்த்துப் படிக்காதே. ஒரு சின்ன அட்டையில் நாலு சொல் மட்டும் எழுதிக்கொள். பார்க்க ஒரு முகத்தைப் பிடித்துக்கொள், பிடித்த முகமாக. கத்தாதே, அங்கே இயந்திரம் ஓடாது. மணி அடித்தால் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு உட்கார்.

நான் வர முடியாது, அன்று எங்களுக்கும் சபை. ஆனால் பதினோரு மணிக்கு என் பேனா கொஞ்சம் தடுமாறும்.

தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம். முடிந்துவிட்டது. இன்று காலைதான் என் தோள்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கின.

உன் கடிதம் வந்த மறுநாள் வழக்கத்தைவிடக் கால்மணி முன்னால் நிறுத்தத்துக்குப் போனேன். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அவர் பெயரை எங்கேயும் எடுக்க மாட்டேன், ஆனால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்தார், காயப்போட்டார், இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் கடைசி ஆளாக நின்றேன். வழக்கமாக "இறங்குங்க" என்பார். அன்றைக்கு, "சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் மூன்றாவது வார்த்தை.

கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் நாலு பேர்தான் வர முடிந்தது, மற்றவர்களுக்கு வேலை. நீளமான அறை. ஏழு பேரும் மேடையில் வரிசையாக. பேசுகிறவர் அவர்களைப் பார்த்தபடி ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்க வேண்டும், கூட்டம் முதுகுக்குப் பின்னால். எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேருக்கும் தலைவர் மேஜை மணியில் கைவைப்பதைப் பார்த்தேன்.

என் பேர் வந்ததும் போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். பிடித்த முகம் என்று நீ சொன்னாயே, ஏழில் ஒன்றும் தேறவில்லை. ஓரத்தில் சுருக்கெழுத்து எடுக்கிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். அவளைப் பார்த்தே பேசினேன்.

"உங்க தாள்ல ஆறு பேருன்னு இருக்கு. அது சரிதான். மெஷின் பொய் சொல்லல. அதுக்குத் தெரியாம தெனமும் இருபத்தஞ்சு பேர் ஏறுறோம். அப்படி ஏறச் சொன்னது நான்."

மேடையில் ஏழு பேரும் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை, தம்பி. எதை மறைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை என்றால் பேசுவது இவ்வளவு சுலபமா? இயந்திரம் வந்த வாரத்தைச் சொன்னேன். என் பத்து நாள் கோடுகளைச் சொன்னேன். ஐந்தரைக்கு என்ன செய்கிறோம், ஏழரைக்கு மாடியில் மேஜைமேல் படுத்திருப்பவர் எந்தத் துணிமேல் படுத்திருக்கிறார் என்று சொன்னேன். "ஒரு மாசம் குடுங்க. எல்லாரும் தட்டுறோம். அப்புறம் எண்ணிப் பாருங்க" என்று முடித்தேன். கச்சிதமாக ஐந்து நிமிடம். எனக்கு மட்டும் மணி அடிக்கவில்லை!

தலைவர் ஒரு கேள்வி கேட்டார், அந்த ஓட்டுநர் யார் என்று. முதல் தடவை கேட்காதது போல இருந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் என் காது எனக்கு உதவியது அப்போதுதான். இரண்டாம் தடவை ஒலிவாங்கியை வாயருகே இழுத்துக் கேட்டார். "அவர் மேல தப்பில்லங்க, கேட்டது நான்" என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்தார். "சரி, போதும்" என்று சொல்லிவிட்டார். சலித்துப் போயிருப்பார்.

முடிவு இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். எதுவானாலும் சரி. டிரைவரை நினைத்தால்தான் பயம்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள் என்று மாமா போனில் சொன்னார், பின்னணியில் நீ அவரைச் சத்தமாகச் சொல்லச் சொல்வதும் கேட்டது. என் மனைவி இனிப்பு வாங்கி வந்தாள். மாமியார் விவகாரம் மன்னிக்கப்பட்டது என்று எழுதச் சொல்கிறாள்.

உன் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு எழுதியிருந்தேன். நேற்று வந்தது. இத்துடன் நகல் வைத்திருக்கிறேன், பதினேழாம் பக்கத்தைப் பார். சில விஷயங்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று. "(மணி)" என்று மூன்று இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று. நீ மொத்தம் ஏழு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி பேசியிருக்கிறாய். கூட வந்த நாலு பேரும் சலவைக்கூடத்துக் காதுக்காரர்கள், அவர்கள் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. மூன்றாவது மணிக்குப் பிறகு தலைவர் மணியைத் தள்ளி வைத்துவிட்டார். ஊரில் யாருக்கும் தராத இரண்டே முக்கால் நிமிடத்தை நீயாக எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

இரண்டாவது, எனக்கு முக்கியமானது. அக்கா, எந்தச் சபையிலும் பேசுகிறவர் தலைவரைப் பார்த்து நிற்பார். கூட்டத்தில் இருப்பவர்களும் முன்னாலேயே பார்ப்பார்கள். மேடையில் இருப்பவர்களைத் தவிர, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது சுருக்கெழுத்து எடுக்கும் நாங்கள் மட்டும்தான். "ஏறச் சொன்னது நான்" என்று நீ சொன்ன வரிக்குக் கீழே அந்தப் பெண் ஒரு அடைப்புக்குறி போட்டிருக்கிறாள்:

"(கடைசி வரிசையில் ஓட்டுநர் சீருடையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். பேச்சு முடியும்வரை அமரவில்லை.)"

தலைவர் உன் தோளுக்கு மேலாக எங்கே பார்த்தார் என்று இப்போது தெரிகிறதா? அவருக்குச் சலிப்பு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

இப்படிக் குறிப்பில் எழுதுவது வழக்கமில்லை. யார் நின்றார், யார் உட்கார்ந்தார் என்பதையெல்லாம் நாங்கள் எழுத மாட்டோம். ஆனால் நானாக இருந்தாலும் அந்த அடைப்புக்குறியைப் போட்டிருப்பேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். இருமல் என்று மனைவியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அக்கா. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, போனில் சொன்னால் உனக்குக் கேட்காது.

உன் தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா தெருமுனையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நான் நலம். பதினேழாம் பக்கம் அம்மாவின் பழைய அலமாரியில், புதுக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

மாதக் கணக்கு நேற்று வந்தது. சராசரி முப்பத்தொன்று. நான் போட்ட கோட்டுக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேருந்து ஓடும். டிரைவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதை எட்டாக மடித்து, பேருந்தில் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு அடியில் சொருகிவிட்டார். இப்போது கண்ணாடி ஆடுவதில்லை.

முதல் நாள் காலையை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். டிரைவர் எழுந்து, இயந்திரத்தைக் காட்டி, "தட்டுங்க" என்றார். நாலாவது வார்த்தை. ஒவ்வொருவர் தட்டும்போதும் அது கீச்சென்று ஒரு சத்தம் போடுகிறதாம், எனக்குக் கேட்கவில்லை, பச்சை விளக்குதான் தெரிந்தது. இருபத்தைந்து பச்சை விளக்கையும் எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் தாமதம். கேட்டுக்கொண்டதன்பேரில் இப்போது பத்து நிமிடம் முன்னால் கிளம்புகிறது, ஐந்து வருடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

உன் கடிதம் வந்த பிறகு அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெரிய சபையில் பேசியவளுக்கு இதற்கு வாய் வரவில்லை. இன்று காலை, எல்லோரும் இறங்கின பிறகு, அவர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அன்னைக்கு நீங்க பின்னால நின்னீங்களாமே, கடைசி வரைக்கும்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் நானும் தெரிந்தேன், காலியான இருக்கைகளும் தெரிந்தன. ரொம்ப நேரம் பார்த்தார், பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பியது எனக்கே கேட்டது.

பிறகு, "இறங்குங்க" என்றார்.

இறங்கிவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. உன் மனைவிக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் என் அன்பைச் சொல்.

உன் அக்கா